தேவாலயத்தில் ஒரு ராக் பாட்டு: சிம்ப்சன்ஸ் தொடரும் பாப் இசையும்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்த் தேவாலய வாசலில் பத்து வயதுப் பையன் பார்ட் சிம்ப்சன் நல்ல பிள்ளையாக நின்று, உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் ஞானப்பாட்டுத் தாள் கொடுக்கிறான். சபையார் எழுந்து நின்று பக்தியோடு பாடத் தொடங்குகிறார்கள். பாட்டின் பெயர் 'இன் த கார்டன் ஆஃப் ஈடன்', அதாவது ஏதேன் தோட்டத்தில். எழுதியவர் பெயர் ஐ. ரான் பட்டர்ஃபிளை என்று தாளில் இருக்கிறது. பாட்டு போகிறது, போகிறது, முடிவதாக இல்லை. ஆர்கன் வாசிக்கும் பாட்டிக்கு வியர்த்துக் கொட்டுகிறது. பாதியிலேயே போதகர் லவ்ஜாய்க்குச் சந்தேகம் தட்டுகிறது: இது ராக் பாட்டு மாதிரியல்லவா இருக்கிறது? ஒருவழியாக 17 நிமிடம் கழித்துப் பாட்டு முடியும்போது, பாட்டி கடைசிச் சுரத்தை அழுத்திவிட்டு அப்படியே ஆர்கன்மேல் சாய்கிறார்.

இது 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1995 அக்டோபரில் ஒளிபரப்பான 'பார்ட் செல்ஸ் ஹிஸ் சோல்' என்ற எபிசோடின் தொடக்கம். பாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் பார்த்தாலும் சிரிப்பு வரும். ஒரு வாண்டுப் பயல் ஊரையே ஏமாற்றுகிறான், பெரியவர்கள் தாளில் இருப்பதை யோசிக்காமல் பாடுகிறார்கள், ஒரு பாட்டி களைத்து விழுகிறார். இவ்வளவு போதும்.

தெரிந்தவருக்கு இன்னொரு சிரிப்பும் காத்திருக்கிறது. 1968-ல் அயர்ன் பட்டர்ஃபிளை என்ற அமெரிக்க ராக் குழு 'இன்-அ-கடா-ட-விடா' என்ற பாட்டை வெளியிட்டது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அந்த ஒரே பாட்டு பிடித்துக்கொண்டது. நீளம் 17 நிமிடம். தாளில் இருந்த ஐ. ரான் பட்டர்ஃபிளை என்ற பெயரை வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பாட்டி ஏன் 17 நிமிடம் வாசித்தார் என்பதும் இப்போது தெரிந்துவிடும். நடுவில் ஹோமர் தன் மனைவி மார்ஜிடம், நாம் காதலித்த காலத்தில் இந்த ஞானப்பாட்டைப் போட்டுக்கொண்டுதானே கொஞ்சிக்கொண்டிருப்போம் என்று கேட்கிறான். அது பக்திப் பாட்டே இல்லை என்பதற்கு அங்கேயே சாட்சி கிடைத்துவிடுகிறது, சொல்கிறவனுக்குத்தான் அது தெரியவில்லை.

இதற்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று. குழுவின் பாடகர் டக் இங்கிள் இந்தப் பாட்டுக்கு முதலில் சொன்ன பெயர் 'இன் த கார்டன் ஆஃப் ஈடன்'தான், குடித்திருந்ததால் நாக்குக் குழறியது, டிரம்மர் ரான் புஷி காதில் விழுந்தபடியே எழுதிவைத்துவிட்டார் என்று ராக் உலகில் பல காலமாக ஒரு கதை சொல்கிறார்கள். அப்படியென்றால் பார்ட் பெரிதாக எதையும் மாற்றவில்லை. 27 ஆண்டுக்கு முந்தைய குழறலை நேராக்கி, பாட்டை அது புறப்பட்ட வேதாகமத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான்.

ரெஃபரன்ஸ் என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். ஒரு படைப்பு தனக்கு வெளியே இருக்கும் இன்னொன்றை, பெயர் சொல்லியோ சொல்லாமலோ, பார்ப்பவருக்கு நினைவூட்டுவது. நம் பழைய புலவர்களின் சிலேடையில் ஒரே சொல்தொடர் இரண்டு பொருளைச் சுமக்கும். இங்கே ஒரே காட்சி இரண்டு கதைகளைச் சுமக்கிறது. ஒரு கதை திரையில் ஓடுகிறது. மற்றது பார்க்கிறவர் நினைவில் ஓடவேண்டும்.

தொடரைப் பற்றிக் கொஞ்சம். 'தி சிம்ப்சன்ஸ்' முழு நீளத் தொடராக 1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லிசா, மேகி. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உருவாக்கிய மேட் க்ரோனிங் அதற்கு முன்பு லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வாரப் பத்திரிகை ஒன்றில் இசை பற்றிப் பத்தி எழுதியவர். லிசா சாக்ஸபோன் வாசிக்கிறாள், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓட்டோ காதில் ஹெட்ஃபோனோடு அலைகிறான், ஹோமர் 1970-களின் ராக் பாட்டுகளில் உறைந்து நிற்கிறான். இசை இந்த ஊரின் குடிநீரில் கலந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

ரெஃபரன்ஸ் எத்தனை விதமாக வரலாம் என்பதை ஒரே எபிசோடில் பார்க்க வேண்டுமென்றால் 1993 செப்டம்பர் 30-ல் வந்த 'ஹோமர்ஸ் பார்பர்ஷாப் குவார்ட்டெட்'தான் என் தேர்வு. பார்பர்ஷாப் குவார்ட்டெட் என்பது வாத்தியம் எதுவும் இல்லாமல் நான்கு குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து பாடும் பழைய அமெரிக்கப் பாணி. கதைப்படி 1985-ல் ஹோமர், பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர், கடைக்காரர் அப்பு, போலீஸ்காரர் விக்கம் நால்வரும் இப்படி ஒரு குழு வைத்து உலகப் புகழ் பெற்றுப் பிறகு பிரிந்துபோனார்கள். இதுவரை யாருக்கும் தெரியாத இந்தப் பழங்கதையைப் பிள்ளைகளிடம் ஹோமர் சொல்கிறான்.

எபிசோடில் 1960-களின் புகழ்பெற்ற பிரிட்டிஷ் பாட்டுக் குழுவான 'பீட்டில்ஸ்' பாட்டு எதுவும் மையமாக ஒலிக்கவில்லை. ஆனால் கதையின் ஒவ்வொரு மூட்டும் பீட்டில்ஸ் வரலாற்றிலிருந்து எடுத்தது. குழுவின் பெயரையே பாருங்கள்: 'பி ஷார்ப்ஸ்'. மேற்கத்திய இசையில் பி சுரத்துக்கு அரைச் சுரம் மேலே இருப்பதை பி ஷார்ப் என்று எழுதிக் காட்டலாம், பியானோவில் போய்த் தேடினால் விரல் விழுவது சி கட்டையில். வண்டையும் தாளத்தையும் ஒரே சொல்லில் கட்டிய பீட்டில்ஸ் என்ற பெயரும் இதுபோன்ற சொல் விளையாட்டுத்தானே. முதலில் கேட்கும்போது சாமர்த்தியமாகவும் பிறகு கேட்கக் கேட்கச் சிரிப்புக் குறைவதாகவும் ஒரு பெயர் வேண்டும் என்று பேசித்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

புகழ் வருவதற்குமுன் விக்கமை வெளியேற்றிவிட்டு, குடிகாரன் பார்னியைச் சேர்க்கிறார்கள். பீட்டில்ஸ் 1962-ல் டிரம்மர் பீட் பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தது. பார்னிக்கு ஜப்பானியக் காதலி வருகிறாள், நவீனக் கலைஞி. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன் வாழ்வில் யோகோ ஓனோ வந்ததுபோல. அவளோடு சேர்ந்து பார்னி ஒரு சோதனை முயற்சி ஒலிப்பதிவு செய்கிறான்: அவள் 'நம்பர் எய்ட்' என்று சொல்லிக்கொண்டே இருக்க, இவன் ஏப்பம் விடுகிறான். 1968-ல் வந்த பீட்டில்ஸ் இரட்டைத் தட்டில் 'ரெவல்யூஷன் 9' என்று எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒலித் தொகுப்பு ஒன்று உண்டு. ஒரு குரல் 'நம்பர் நைன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். அதைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்கு இந்த ஏப்பம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது கேட்டவர்களுக்கே தெரியும்.

குழுவின் ஒரு தட்டுக்குப் பெயர், இயேசுவைவிடப் பெரியவர்கள் என்ற பொருளில் 'பிக்கர் தன் ஜீசஸ்'. 1966-ல் லென்னன் ஒரு லண்டன் பத்திரிகைப் பேட்டியில் பீட்டில்ஸ் இப்போது இயேசுவைவிடப் பிரபலம் என்று சொல்லப்போய், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அவர்கள் தட்டுகளைத் தீயில் போட்டார்கள். தட்டின் அட்டையில் நால்வரும் வரிசையாகத் தண்ணீர்மேல் நடந்து போகிறார்கள். தண்ணீர்மேல் நடப்பது சுவிசேஷம். நால்வர் வரிசையாகச் சாலையைக் கடப்பது பீட்டில்ஸின் 'அபே ரோடு' தட்டின் அட்டைப்படம். ஒரே ஒரு சித்திரத்தில் லென்னனின் பேச்சும், அட்டைப்படமும், வேதாகமமும் சேர்ந்துவிட்டன. திரையில் அது நிற்பது சில நொடி.

இங்கே அப்புவைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அப்பு இந்தியாவிலிருந்து வந்தவர், அவருடைய குடும்பப் பெயர் வேண்டுமென்றே நீட்டிய நஹசபீமபெடிலான். விளம்பரப் பலகையில் அடங்காது என்று மேலாளர் சொன்னதும், முன்னோருக்கும் கடவுளுக்கும் பெரிய அவமரியாதை என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே அப்பு டி போமார்ஷே ஆகிவிடுகிறார். புகழுக்காகப் பெயர் மாற்றிக்கொண்ட எத்தனையோ கலைஞர்களைப் பற்றிய கேலி இது, ரிங்கோவின் இயற்பெயரும் ரிச்சர்ட் ஸ்டார்க்கிதான். ஆனால் நம் பக்கத்துப் பெயர்கள் எப்போதும் நீளம், எப்போதும் வாயில் நுழையாதவை என்பதும் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. அப்புவுக்குக் குரல் கொடுத்துவந்த வெள்ளை நடிகர் ஹேங்க் அசாரியா 2020-ல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த நகைச்சுவையை இன்று பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, நெருடலும் வருகிறது.

எபிசோடின் உச்சம் கடைசியில். நால்வரும் ஊர் மதுக்கடையின் மொட்டைமாடியில் ஏறிப் பாடுகிறார்கள். 1969 ஜனவரி 30-ல் லண்டன் சாவில் ரோ தெருவில் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் பாடினார்களே, அது. கீழே ஒரு கார் வந்து நிற்கிறது. உள்ளிருந்து மேலே பார்ப்பவர் ஜார்ஜ் ஹாரிசன். அன்று அந்த மாடியில் கிட்டார் வாசித்த அதே ஹாரிசன், தன் சொந்தக் குரலில், இதெல்லாம் ஏற்கெனவே செஞ்சாச்சு என்பதுபோல் ஒற்றை வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிறார். பகடிக்கு ஆளானவரே வந்து பகடியை விமர்சிக்கிறார். இதற்குமேல் யாரால் என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகும் எழுத்தாளர்கள் ஒன்று வைத்திருக்கிறார்கள். லண்டன் மாடியில் பாடி முடித்ததும் லென்னன், குரல் தேர்வில் நாங்கள் தேறிவிட்டோம் என்று நம்புகிறேன் என்று விளையாட்டாகச் சொன்னார். ஹோமரும் அதையே சொல்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், பார்னியும் சேர்ந்து சிரிக்கிறான், சிரித்து முடித்துவிட்டுத் தனக்குப் புரியவில்லை என்கிறான். பீட்டில்ஸ் வரலாறு தெரியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த பார்வையாளருக்காகவே எழுதிய வரி. தெரியாதவரைக் கேலி செய்யாமல், வா, நீயும் இங்கே உட்கார் என்று பார்னி பக்கத்தில் இடம் போட்டுக் கொடுக்கிறார்கள். இந்தத் தொடரின்மேல் எனக்கு இருக்கும் அன்புக்கு இதுதான் காரணம்.

ஹாரிசன் மட்டுமா வந்தார்? தொடர் தொடங்கியபோது உயிரோடிருந்த பீட்டில்ஸ் மூவரும் வந்துபோனார்கள். 1991-ல் ரிங்கோ. மார்ஜ் பள்ளிக்கூட நாட்களில் அவர் முகத்தை ஓவியமாக வரைந்து அனுப்பியிருக்கிறாள், அவர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு ரசிகர் கடிதத்துக்கும் தானே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். மார்ஜுக்கும் பதில் வருகிறது. எபிசோடில் இது அழகாக வரும். (நிஜ ரிங்கோ, 2008 அக்டோபர் 20-க்குப் பிறகு ரசிகர் கடிதம் அனுப்பவேண்டாம் என்று காணொளியில் அறிவித்துவிட்டார்.)

1995-ல் பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும். லிசா சைவத்துக்கு மாறும் எபிசோடு. இருவருமே தீவிர சைவ உணவுக்காரர்கள். தொடர் முடியும்வரை லிசா சைவமாகவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பால் வந்தார், இன்றுவரை அவள் அப்படியே இருக்கிறாள். ஒரு விருந்தாளிக் குரல் ஒரு பாத்திரத்தின் குணத்தையே நிலைநிறுத்தியது இங்கே. முடிவில் பெயர்கள் ஓடும்போது, பால் லிண்டாவுக்காக எழுதி 1970-ல் வெளியிட்ட 'மேபி ஐ'ம் அமேஸ்டு' பாட்டு ஒலிக்கும். அந்தப் பாட்டுக்குள் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மைக்கேல் ஜாக்சன் கதை வேறு மாதிரி. 1991 செப்டம்பரில் வந்த 'ஸ்டார்க் ரேவிங் டேட்' எபிசோடில், தன்னை ஜாக்சன் என்று நம்பும் பருமனான வெள்ளைக்காரக் கொத்தனார் ஒருவருக்குக் குரல் கொடுத்தது ஜாக்சனேதான். ஒப்பந்தச் சிக்கலால் பெயர்ப் பட்டியலில் ஜான் ஜே ஸ்மித் என்று போட்டார்கள். பேசும் வசனம் அவர் குரல், பாடும் இடங்களில் அவரைப்போலவே பாடும் கிப் லென்னன் என்ற பாடகரின் குரல். ஆக, ஜாக்சன் போல நடிக்கும் ஒருவனாக ஜாக்சன் நடிக்க, ஜாக்சன் போலப் பாடும் வேறொருவர் அவருக்காகப் பாடினார். ஜாக்சன்மேல் சிறுவர் பாலியல் குற்றச்சாட்டுகளை முன்வைத்த ஆவணப்படம் 2019-ல் வெளிவந்தபின், தயாரிப்பாளர்கள் இந்த எபிசோடை ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே இருக்கும் ஒன்றைச் சார்ந்து நிற்கும் நகைச்சுவைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வெளியே பொருள் மாறினால் உள்ளேயும் மாறிவிடும்.

இனி இதெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்ற கேள்வி. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: மெட்டும் வரியும் ஒன்று, அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொன்று. அசல் ஒலிப்பதிவை அப்படியே போட வேண்டுமானால் இரண்டுக்கும் அனுமதி வாங்கிப் பணம் கட்டவேண்டும். மெட்டை எடுத்துப் புதிதாக வாசித்துக்கொண்டால் முதல் உரிமையோடு போயிற்று. மூன்றாவது வழி, மெட்டையும் தொடாமல் அந்தப் பாட்டின் வாசனையை மட்டும் கொண்டுவருவது: அதே தாள நடை, அதே வாத்தியச் சேர்க்கை, ஆனால் சுரங்கள் வேறு. கேட்டவுடனே இது அதுதான் என்று தோன்றவேண்டும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறாக இருக்கவேண்டும்.

1990 முதல் 2017 வரை இந்தத் தொடருக்கு இசையமைத்த ஆல்ஃப் கிளாசன் இதில் மகா வித்தகர். தொடக்க இசை டேனி எல்ஃப்மேனுடையது, அதற்குப் பிறகு எபிசோடுக்குள் கேட்பதில் பெரும்பகுதி கிளாசன். வாரம்தோறும் 35 பேர் கொண்ட இசைக்குழுவை வைத்து வாசிக்கச் சொன்னவர். கார்ட்டூன்தானே, கணினியில் ஒப்பேற்றிவிடலாம் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. பகடி எடுபட வேண்டுமானால் இசை பகடியாக ஒலிக்கக் கூடாது, அசலைப்போல முழு மனதோடு வாசிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அவருடைய எபிசோடுகளே பாடம். அந்தப் பாட்டி 17 நிமிடமும் சிரித்துக்கொண்டே வாசித்திருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்குமா?

சட்டமும் பகடிக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. ராய் ஆர்பிசனின் புகழ்பெற்ற பாட்டொன்றை 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு கேலியாக மாற்றிப் பாடிய வழக்கில், காசுக்காகச் செய்த பகடியாக இருந்தாலும் அது நியாயமான பயன்பாடாக அமையலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்னது. மூலத்தைப் பற்றியே ஏதாவது சொல்கிறதா, இல்லை அதன்மேல் ஓசியில் சவாரி செய்கிறதா என்பது அங்கே முக்கியமான கேள்வி. வழக்கறிஞர்களுக்கான கேள்விதான், ஆனால் ரசிகர்களுக்கும் நல்ல அளவுகோல். ஒரு நட்சத்திரம் கதவைத் திறந்துகொண்டு வந்து, தன் பெயரைச் சொல்லி, ஒரு ஜோக்கடித்துவிட்டுப் போனால் அது சவாரி. இந்தத் தொடரின் பிற்கால எபிசோடுகளில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு, எனக்கு அவை ஒட்டுவதே இல்லை. தேவாலயத்துப் பாட்டு அப்படியில்லை. அதைச் செய்தது யார் என்று போதகர் மிரட்ட, நண்பன் மில்ஹவுஸ் காட்டிக்கொடுக்க, ஆன்மா என்று ஒன்றுமே கிடையாது என்று வாதாடும் பார்ட், தன் ஆன்மாவை 5 டாலருக்கு அந்த நண்பனிடமே விற்கிறான். மொத்தக் கதையும் அந்தப் பாட்டிலிருந்து முளைத்தது.

மூலம் தெரியாததையே நகைச்சுவையாக்கவும் முடியும். 1993-ல் 'ரோஸ்பட்' எபிசோடில் பணக்காரக் கிழவர் பர்ன்ஸின் பிறந்தநாளுக்கு ரமோன்ஸ் என்ற பங்க் ராக் குழு வந்து கத்திப் பாடி, திட்டிவிட்டுப் போகிறது. பர்ன்ஸ் உதவியாளரிடம் உத்தரவிடுகிறார்: அந்த ரோலிங் ஸ்டோன்ஸைத் தீர்த்துக் கட்டு. இரண்டும் வெவ்வேறு குழுக்கள். இந்த ஒரு தகவல் போதும், மற்றதைப் பர்ன்ஸின் அறியாமை பார்த்துக்கொள்ளும்.

நாம் வளர்ந்த பாட்டுகள் வேறு. 1970-களின் அமெரிக்க வானொலி நம் வீடுகளில் ஓடவில்லை. அதனால் நம்மில் பலருக்குப் பகடிதான் முதலில் வந்து சேர்கிறது, மூலம் பிறகு. இதை நான் குறையாக நினைக்கவில்லை. அயர்ன் பட்டர்ஃபிளையின் 17 நிமிடத்தையும் நான் முதன்முதலாகக் கேட்டது அந்தப் பாட்டியின் புண்ணியத்தில்தான். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: முதல் முறை நிறுத்தித் தேடாமல் முழுதாகப் பாருங்கள். எங்காவது ஓர் இடம் கதைக்கு வேண்டியதைவிட அதிக நேரம் நீண்டாலோ, ஒரு பெயர் விநோதமாக ஒலித்தாலோ, அங்கே ஏதோ இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூலப் பாட்டைக் கேளுங்கள். அதன்பின் அதே எபிசோடு.

சில சமயம் வரிசையே தலைகீழாகும். 1996-ல் வந்த 'ஹோமர்பலூசா'வில், ஹோமருக்குத் தன் பாட்டு ரசனை கிழடாகிவிட்டது புரிந்து, இளைஞர்களின் இசைத் திருவிழாவுக்குப் போகிறான். அங்கே மேடைக்குப் பின்னால் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா வந்து நிற்கிறது. போதையில் யாரோ முன்பதிவு செய்துவிட்டார்கள், சந்தேகம் சைப்ரஸ் ஹில் என்ற ஹிப்ஹாப் குழுவின்மேல். 28 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 10-ல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அதே சைப்ரஸ் ஹில், அதே லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோடு நிஜமாகவே மேடையேறியது. கார்ட்டூன் பாட்டு உலகத்தைச் சுட்டியது போய், பாட்டு உலகம் கார்ட்டூனைச் சுட்டிவிட்டது.

அந்தச் சைவ எபிசோடின் ரகசியம் பாக்கி இருக்கிறது. 1969-ல் பால் இறந்துவிட்டார், பீட்டில்ஸ் அதை மறைக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் அதற்கான தடயம் கேட்கும் என்று ரசிகர்கள் தட்டைக் கையால் சுழற்றிச் சுழற்றிக் கேட்டார்கள். சிம்ப்சன்ஸ் எபிசோடின் முடிவில் ஒலிக்கும் பாட்டையும் பின்னோக்கி ஓடவிட்டால் பாலின் குரல் கேட்கும். நிதானமாக, ஒரு பருப்பு சூப் செய்முறையைச் சொல்லிக்கொண்டு போகிறார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இன்னொன்று, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்கிறார்.